ஆம்பூர் ரங்கூன் ஆன வெள்ளிக்கிழமை

வாழி ஷபீ அஹமது! பாலாற்றில் தண்ணீர் வந்தாலும் வாழி, வராவிட்டாலும் வாழி! ஆம்பூர் பைபாஸ் சாலையோரம் நெடுமதில் சூழ நிமிர்ந்து நிற்கும் காலணித் தொழிற்சாலையில், வாயிற்காவலர் அறையை ஒட்டிய டைம் ஆபீஸ் என்னும் பேரரசை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு மர ஸ்டூல் ஆகிய முப்படைகளைக் கொண்டு ஆண்டுவரும் அண்ணலே, சூரியனுக்கே உத்தரவு போட்டவனே, கடிகாரங்களின் காதைத் திருகியவனே, உன் புகழ் பாடப் புகுந்தோம். சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள். நோன்பு மாதம் என்பதால் பாடுகிறவனுக்கும் தொண்டை வறண்டுதான் கிடக்கிறது.

சூரியனுக்கு உத்தரவு போட்டவன் என்றது வெறும் முகத்துதி அன்று. அத்தொழிற்சாலையில் வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. ரமலான் பிறந்துவிட்டால், நோன்பு பிடித்தவர்கள் பொழுது சாயுமுன் வீடு சேர வேண்டும் என்று, எல்லோருமே எட்டுக்கு வந்து ஐந்துக்குப் போய்விடுவார்கள். முதலாளி முதல் பெருக்குகிறவர் வரை யாருக்கும் இதில் மாற்றுக் கருத்து கிடையாது. வருகை பதியும் விரல் மெஷினுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியாது. ஒன்பது, ஆறு என்ற இரண்டு எண்களைத் தவிர உலகில் வேறொன்றும் அறியாத மூர்க்கப் பிறவி அது. வேறு யாராக இருந்தாலும் மெஷினுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். நம் நாயகனோ, பிறை தெரிந்த மறுநாள் காலையில் பிஸ்மில்லா சொல்லி ஸ்டூல்மேல் ஏறி, அதன் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுவான். எட்டு ஒன்பதாகும், ஐந்து ஆறாகும். பெருநாள் கழிந்ததும் மறுபடி ஏறிப் பின்னால் இழுத்துவிடுவான். "பாய் டைம் வெச்சாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால்தான் அங்கே ரமலான் தொடங்கியதாகவே அர்த்தம். பல வருஷமாக இப்படித்தான் நடந்தது, ஒருவரும் குறை சொன்னதில்லை.

இந்த ஆண்டு நடுநோன்பில் அந்தப் பழைய மெஷின் மாண்டது. ஷூ ஒட்டும் பசை காய்ந்துபோன முந்நூறு பேர் விரல்களை ஆண்டுக்கணக்கில் தடவிப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய அந்த மூத்த வீரன், ஒரு வியாழக்கிழமை மாலை நீலமாக ஒருமுறை மின்னிவிட்டு அணைந்தான். அன்றே அவன் இடத்தில் புதியவன் ஒருவன் மாட்டப்பட்டான்: கருங்கண்ணாடி முகத்தினன், கன்னிப்பெண் குரலினன், இருபத்துநான்கு மணி நேரமும் கிளவுட் என்னும் கண்காணாப் பெருவேந்தனுக்குக் கோள் சொல்லும் ஒற்றன். அந்த வேந்தன் எங்கே இருக்கிறான் என்று மாட்ட வந்த வேலூர்க்காரர்களைக் கேட்டதற்கு, அவர்கள் விட்டத்தைக் காட்டினார்கள்.

விதி சும்மா இருக்குமா? அந்தப் புதியவன் பதவியேற்ற மறுநாள்தான், மார்ச் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, ஷபீ அஹமதின் ஒரே மகள் இஃப்ரா, வயது எட்டு, தன் வாழ்வின் முதல் நோன்பைப் பிடித்தாள். ஆம்பூரில் உருது பேசும் வீடுகளில் இது சாதாரண விஷயம் இல்லை. ரோஜா குஷாயி, அதாவது முதல் நோன்பு திறக்கும் விழா, என்று பெயர். பிள்ளைக்குப் புதுத் துணி போட்டு, மாலை சூட்டி, சொந்தபந்தம் எல்லாம் கூடி உட்கார, பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் கணத்தில் முதல் பேரீச்சம்பழத்தை அந்த வாயில் வைப்பார்கள். வைக்கப்போவது யார் கை என்று அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போதே தீர்மானமாகிவிட்டது. அவர்கள் உருதுவில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"அப்பா, நீங்க வந்து ஊட்டினாதான் நான் நோன்பு திறப்பேன்."

"வந்துடுவேன்டா கண்ணு."

"வரலன்னா திறக்க மாட்டேன். எவ்ளோ நேரம் ஆனாலும்."

பிடிவாதத்தில் அவள் தாய் முபஷ்ஷிராவையே தோற்கடிக்கிறவள். சொன்னால் செய்வாள் என்பது ஷபீ அஹமதுக்குத் தெரியும்.

காலை ஏழரைக்கு ஆலையை அடைந்த நாயகன், வழக்கம்போல் ஸ்டூல் ஏறினான். புதியவனின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினான். தள்ளிவிட்டுக் கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தால், அது பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுபடி ஏறினான், தள்ளினான், இறங்கினான். மறுபடியும் அதே கதை. புதியவன் நெட்டிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்கிற ஜாதி, மனிதர் சொல்லைக் கேட்காதவன். ஸ்டூலுக்கும் தரைக்குமாக ஏழெட்டு முறை படையெடுத்துக் களைத்த பெருவீரன், எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், மெனுவின் அடியாழத்தில் ஒரு மறைவாசலைக் கண்டான். அங்கே உலகத்து நகரங்கள் வரிசைகட்டி நின்றன. எந்த ஊர் நேரம் வேண்டும் என்று மெஷின் பணிவாகக் கேட்டது. லண்டன் வேண்டாம் என்று தள்ளினான், துபாயை ஒதுக்கினான், கராச்சியைக் கண்டும் காணாமல் கடந்தான், டாக்கா அரை மணி நேரம் கொடுத்து மீதியைக் கடன் சொன்னது, அதற்கும் அடுத்து நின்றது ரங்கூன். விரலை வைத்தான். மெஷினில் மணி சரியாக ஒரு மணி நேரம் கூடியது. வாழைப்பழத்தை உரித்த மாதிரி வேலை முடிந்ததென்று அகமகிழ்ந்து, ஆம்பூரை ரங்கூன் ஆக்கிவிட்டு அவன் கீழே இறங்கினான். முந்நூறு பேரும் விரல் வைத்து உள்ளே போனார்கள், கன்னிக்குரல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னது.

அந்த நன்றியில் நஞ்சு இருந்ததை யார் கண்டார்? கேளுங்கள். பழைய மெஷின் மணியை மட்டும் எழுதிவைக்கும், எந்த ஊர் மணி என்று அதை யாரும் கேட்டதும் இல்லை, அதுவும் சொன்னதும் இல்லை. புதியவனோ ஒவ்வொரு விரல் பதிவையும் ஒரு நெடுஞ்சரமாகக் கோத்து மேலே அனுப்புகிறவன்: முதலில் ஆண்டு, அடுத்து மாதம், அடுத்து நாள், நடுவில் ஒரு காரணமும் இன்றி டீ என்றோர் ஆங்கில எழுத்து, பிறகு மணி, நிமிடம், விநாடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வால். இது எந்த ஊர் நேரம் என்கிற உண்மை அந்த வாலில் எழுதியிருக்கும். "ஒன்பது மணி, ரங்கூன்" என்று வால் போய்ச் சொன்னது. "ரங்கூனில் ஒன்பது என்றால் ஆம்பூரில் எட்டு" என்று கிளவுட் வேந்தன் நொடியில் கணக்குப் போட்டுக்கொண்டான். வேலைக்குச் சீக்கிரம் வருவது அவன் சட்டத்தில் குற்றம் இல்லை என்பதால் காலையில் வாய் திறக்கவில்லை, மாலைக்காகக் காத்திருந்தான்.

மாலை வந்தது. மெஷினில் ஆறும் ஆம்பூரில் ஐந்தும் ஒருசேர அடித்தன. மடைதிறந்த வெள்ளமாய் வெளியேறிய முந்நூறு பேரும் ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி பஸ்ஸிலும் ஜோலார்பேட்டை ரயிலுக்கான ஓட்டத்திலும் இருந்தபோது, முந்நூறு போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அனுமதியின்றி ஒரு மணி நேரம் முன்னதாக வெளியேறிவிட்டீர்கள், விளக்கம் தருக என்று கிளவுட் வேந்தன் ஓலை விடுத்திருந்தான். தையல் பிரிவு கமலம், கேட்டைத் தாண்டியவள், போனைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றாள்.

"இன்னா பாய், நான் ஓடிப்போய்ட்டேன்னு போன் சொல்லுது?"

அவள் கேட்டு வாய் மூடுமுன், ஹெச்.ஆர். மேனேஜர் இன்பராஜ் உள்ளே வந்தான். அவன் லேப்டாப் திரையில் முந்நூறு பெயரும் செக்கச்செவேல் என்று எரிந்தன. அவன் முகமும் அதற்குச் சற்றும் குறையவில்லை. மறுநாள் காலை வெளிநாட்டு ஷூ வாங்குகிறவர்களின் ஆடிட்டர் வருகிறார், வந்ததும் முதலில் பார்ப்பது இந்தத் திரையைத்தான்.

"பாய், இது பச்சை ஆவற வரைக்கும் நீங்களும் போவக்கூடாது, நானும் போவ மாட்டேன்," என்றான்.

அந்தோ! நோன்பு திறக்க ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. வீட்டில் ஒரு பெண்குழந்தை பச்சைத் தண்ணீர் படாத உதட்டோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாயகனுக்குப் பசி போய்ப் பயம் வந்தது. வீரர்களுக்கும் பயம் உண்டு, அதை மறைத்துப் பாடுகிற புலவர்கள் பொய்யர்கள்.

ஷபீ அஹமது கையை உதறிக்கொண்டு ஸ்டூல் ஏறினான். முதல் அம்பு, வாலின்மேல். காட்டிக்கொடுத்தது வால்தானே, வாலை அறுத்தால் தீர்ந்தது என்று எண்ணி, மெனுவைக் குடைந்து, ஊர் பெயர் இல்லாத வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அன்றைய பதிவு அனைத்தையும் மறுபடி அனுப்பினான். மொட்டையாய்ப் போன ஒன்பது மணி வேந்தன் சபையில் நின்றது. ஊர் பேர் சொல்லாமல் வருகிறவர்களையெல்லாம் லண்டன் பக்கத்து ஆள் என்று எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். லண்டனில் ஒன்பது என்றால் ஆம்பூரில் மதியம் இரண்டரை என்று ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினான். அதன்படி முந்நூறு பேரும் மதியம் இரண்டரைக்கு ஆடி அசைந்து வந்து, இரவு பதினொன்றரைக்கு வெளியே போயிருந்தார்கள். அந்தப் பதினொன்றரை இன்னும் வரவே இல்லை என்பதைப் பற்றி வேந்தன் அலட்டிக்கொள்ளவில்லை.

ஜன்னலில் குரல் கேட்டது. "பாய், இப்ப நான் லேட்டா வந்தேன்னு சொல்லுது. அஞ்சரை மணி நேரம் லேட்டாம்."

"கொஞ்சம் இரும்மா," என்றான் நாயகன்.

இரண்டாம் அம்பு, தேதியின்மேல். ஆண்டை முதலில் எழுதுகிற இந்தத் தலைகீழ் வழக்கம்தான் குழப்பத்துக்கு வேர் என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்தில் கற்றபடி நாள் முன்னும் மாதம் பின்னுமாக, ஆறு, மூன்று என்று திருத்தி அனுப்பினான். கிளவுட் வேந்தன் கற்ற பள்ளி வேறு. அங்கே மாதம்தான் முதலில். ஆறாம் மாதம் மூன்றாம் தேதி என்று வாசித்தான். நோன்பும் பெருநாளும் கழிந்து, மாம்பழமும் முடியப்போகிற ஜூன் மாதத்துக்கு, முந்நூறு பேரும் முன்கூட்டியே வேலை செய்து கொடுத்துவிட்டதாக நன்றி தெரிவித்தான். இன்றைய தேதியில் யாருமே இல்லை.

"பாய்," என்றாள் கமலம், இப்போது சிரிப்பை அடக்க முடியாமல். "இன்னைக்கு நான் வரவே இல்லியாம். அப்ப நான் வூட்லதான் கீறேனா?"

நாயகனின் சட்டைப்பையும் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். இன்று நீங்கள் பணிக்கு வரவில்லை என்று அவனுக்கும் ஓலை வந்திருந்தது. ஸ்டூலின் உச்சியில், மெஷினுக்கு முகத்துக்கு முகம் நின்றபடி, தான் அங்கே இல்லை என்ற செய்தியை அவன் படித்தான்.

கையோடு முபஷ்ஷிராவின் அழைப்பும் வந்தது. "எல்லாரும் வந்துட்டாங்க. அவ தலை சுத்துதுன்னு படுத்திருக்கா. எழுப்பினா, அப்பா வந்துட்டாரான்னு மட்டும் கேக்கறா. நீங்க எங்க இருக்கீங்க?"

எங்கே இருக்கிறான்? ஆம்பூரிலா, ரங்கூனிலா, லண்டன் பக்கமா, ஜூன் மாதத்திலா? "வந்துட்டே இருக்கேன்," என்று, எல்லாக் கணவன்மாரும் சொல்வதைச் சொன்னான். அந்தக் கணம் அவனுக்கு அழுகை வந்தது உண்மை. எட்டு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்த ஒரே ஒரு வாக்கை ஒரு பெட்டிக்கு முன்னால் தோற்கப்போகிறோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் வராது?

பேஜாராகிப்போன இன்பராஜ் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். வேலூர் சத்துவாச்சாரியின் மாடியறை ஒன்றிலிருந்து, கிளவுட் வேந்தனின் அரண்மனைச் சாவிகளை இடுப்பில் செருகிய மந்திரிணி சௌந்தர்யா பேசினாள்.

"சொல்லுங்க சார். உங்க மெஷின் எந்த ஊர்ல இருக்கு?"

"ஆம்பூர்," என்றான் ஷபீ அஹமது.

"இங்க ரங்கூன்னு காட்டுது சார்."

"ஆமா, நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு சார்?"

எதுக்கா? நாயகன் நெஞ்சை நிமிர்த்தி, ரமலானின் மாண்பையும், எட்டு ஒன்பதாகும் விந்தையையும், ஆண்டுதோறும் தான் ஸ்டூல் ஏறும் மரபையும், மூச்சு விடாமல் எடுத்துரைத்தான். லைன் கட்டாகிவிட்டதோ என்று இன்பராஜ் போனைத் தட்டிப் பார்த்தான்.

"சார்," என்றாள் சௌந்தர்யா மெதுவாக. "எல்லாரும் நெஜமா எத்தினி மணிக்கு வந்தாங்க?"

"எட்டுக்கு."

"அப்ப எட்டுன்னே அனுப்புங்க சார். கடிகாரத்த எதுக்கு மாத்தறீங்க? இந்த மாசம் ஷிஃப்ட்டு எட்டுலருந்து அஞ்சுன்னு நான் இங்க மாத்திட்டா முடிஞ்சுது. ரெண்டு நிமிஷ வேல."

இன்பராஜ் ஷபீ அஹமதைப் பார்த்தான், ஷபீ அஹமது ஸ்டூலைப் பார்த்தான்.

"ஷிஃப்ட்ட மாத்த முடியுமா?" என்றான் இன்பராஜ்.

"பழைய மெஷின்லயும் மாத்தலாமே சார். நீங்க யாரும் கேக்கல."

பல ரமலான்கள் ஸ்டூல் ஏறி இறங்கிய முழங்கால்கள் ஒருமுறை வலித்தன. ஆனால் மானத்தைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. சௌந்தர்யா சொல்லச் சொல்ல, நாயகன் ரங்கூனைத் துறந்து இந்தியாவுக்குத் திரும்பினான், அறுத்த வாலை ஒட்டவைத்தான், ஆண்டை முன்னும் நாளைப் பின்னுமாகப் பழையபடி நிறுத்தினான், எல்லாப் பதிவையும் மீண்டும் அனுப்பினான். கருங்கண்ணாடி முகத்தில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. லேப்டாப்பில் ஒரே ஒரு பெயர் பச்சையானது. பிறகு இன்னொன்று. நெட் அன்று நடைபயணமாகத்தான் வந்தது.

ஷபீ அஹமது ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். அங்கே செம்மை ஏறிக்கொண்டிருந்தது. அவன் பார்வை போன திசையை இன்பராஜும் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பாய், பாப்பா ஃபங்ஷன் இன்னைக்குத்தானே? எனக்கும்தானே சொல்லியிருந்தீங்க?" பையைத் திறந்து, பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். "காலையிலேயே வாங்கி வெச்சேன், இந்த எழவுல மறந்தே போய்ட்டேன். இத பாப்பா கையில குடுங்க. பச்சை ஆவறத நான் பாத்துக்கறேன். போங்க."

"ஆடிட்டு?"

"போங்க பாய், மொதல்ல."

புறப்பட்டான் ஷபீ அஹமது! மொபெட் என்னும் புரவியை உதைத்துக் கிளப்பி, பரிசுப் பெட்டியை முன்கூடையில் இருத்தி, ஈரத்தோல் ஏற்றிய லாரிகளின் நாற்றப் பெருஞ்சுவரைப் பிளந்து, பிரியாணிக் கடைகளின் வாசலில் மாலைச் சோற்றுக்குக் கூடியிருந்த கூட்டத்தைச் சுற்றிவளைத்து, ஹாரனையே போர்முரசாக்கி அவன் பறந்தான். ரயில்வே பாலத்தடியில் புரவியின் செயின் கழன்றது. இறங்கி, மண்டியிட்டு, கரிய மசகில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டு, பல்லைக் கடித்துச் செயினை மாட்டினான். யா அல்லா, இன்னும் ரெண்டே தெரு என்று வாய்விட்டே சொன்னான். பக்கத்தில் கொய்யா விற்றவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

தெருமுனை திரும்பும்போது பள்ளிவாசல் மைக் கரகரத்தது. வாசலில் செருப்புகள் மலையாய்க் குவிந்து கிடக்க, அம்மலையைத் தாண்டி, மாமன்மார் விலக, பெரியம்மாக்கள் வழிவிட, கஞ்சியும் சமோசாவும் தர்பூசணியும் அணிவகுத்த விரிப்பின் ஓரமாய் நாயகன் உள்ளே பாய்ந்தான். அங்கே, ஜரிகைத் துப்பட்டாவும் கழுத்தில் கசங்கிய மல்லிகை மாலையுமாக, உதடு வெளுத்து, தாயின் தோளில் சாய்ந்திருந்த இஃப்ரா கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாங்கு எழுந்தது. கண்காணா வேந்தனோடு பொருதவன், ரங்கூன் புகுந்து மீண்டவன், ஜூன் மாதம் வரை சென்று திரும்பியவன், வராதவன் என்று உலகறிய அறிவிக்கப்பட்ட பின்னும் வந்து சேர்ந்தவன், கண்ணில் நீர் தளும்ப, மூச்சு இரைக்க, முழங்காலிட்டு, வெள்ளித்தட்டிலிருந்து முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து, சுற்றம் அனைத்தும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, தன் மகளின் வாயருகே கொண்டுசென்றான்.

இஃப்ரா பழத்தைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்பா, கை கழுவிட்டு வாங்க," என்றாள்.

ஷபீ அஹமது கை கழுவப் போனார்.